லெகோ பிரெய்லி பிரிக்ஸ்: தமிழ் படிக்கப்போகும் எல்கேஜி குழந்தைக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பார்வையில்லாத குழந்தை ஒன்று எல்கேஜியிலோ அங்கன்வாடியிலோ சேர்ந்ததும், "இதுக்குன்னு ஏதாவது விளையாட்டுச் சாமான் இருக்கா?" என்று டீச்சரும் பெற்றோரும் தேடத் தொடங்குவார்கள். தேடியதும் கண்ணில் படுவது லெகோ பிரெய்லி பிரிக்ஸ்: விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்லி புள்ளி எழுத்துகளைக் குமிழ்களாகக் கொண்ட லெகோ விளையாட்டுக் கட்டைகள். கண் தெரியும் குழந்தையும் தெரியாத குழந்தையும் ஒரே தட்டில் கைவைத்து விளையாட இவ்வளவு பொருத்தமான சாமான் கடையில் கிடைப்பது அரிது. ஆனால் இதை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை பிரெய்லி படித்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். தமிழ் பிரெய்லிக்கு இது அப்படியே பொருந்தாது. கொஞ்சம் கைவேலை இருக்கிறது. எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

பிரெய்லி எழுத்தை லெகோ கட்டையில் கொண்டுவரும் யோசனையை டென்மார்க் பார்வையற்றோர் சங்கம் 2011இல் முன்வைத்தது. பிரேசிலின் டோரினா நோவில் அறக்கட்டளை 2017இல் அதை மறுபடி கையில் எடுத்தது. 2020 முதல் லெகோ அறக்கட்டளை கூட்டு நிறுவனங்கள் வழியாகப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. கடையில் விலைக்கு வந்தது 2023 செப்டம்பரில்தான், முதலில் ஆங்கிலமும் பிரெஞ்சும். அப்போதைய அமெரிக்க விலை 89.99 டாலர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் அதற்கு மேல்.

ஆங்கிலப் பெட்டியில் 287 கட்டைகள். வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்று ஐந்து நிறம். எழுத்துகளோடு எண்களும் கணக்குக் குறிகளும் உண்டு. ஒவ்வொன்றும் குமிழ் கணக்கில் 2×4 உள்ள சாதாரண லெகோ கட்டையின் அளவு, அதாவது 32 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் அகலம். மேலே உள்ள மூன்று வரிசையில் பிரெய்லி எழுத்துக்குரிய குமிழ்கள் மட்டும் இருக்கும். நான்காவது வரிசையில் குமிழ் கிடையாது. அங்கே அதே எழுத்து அச்சில் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் லெகோவோடும் இவை பொருந்தும். பிளாஸ்டிக்கின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை: விளிம்பு கீறாது, குமிழ் தேயாது.

விரலுக்கும் கட்டைக்கும் உள்ள தூரம்

தாளில் உள்ள பிரெய்லியில் ஒரு எழுத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர். புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். முழு எழுத்தும் ஒரே நேரத்தில் விரல் நுனிக்குள் அடங்கும். விரலை நகர்த்திக்கொண்டே போனால் எழுத்துகள் வரிசையாக நுனியைத் தொட்டுப் போகும். பிரெய்லி வாசிப்பு என்பது இதுதான். லெகோவில் குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று மடங்கு. நாலு வயதுக் குழந்தையின் விரல் நுனியில் ஒரு குமிழும் அடுத்ததன் விளிம்பும் படும், அவ்வளவுதான். ஆகவே குழந்தை எழுத்தை முழுதாக உணர்வதில்லை. "மேலே இடதுபக்கம் ஒண்ணு, கீழே வலதுபக்கம் ஒண்ணு" என்று தேடித் தேடிக் கணக்கெடுக்கிறது.

இந்தக் கணக்கெடுப்பும் தேவையானதுதான். இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது வரிசையில் 4, 5, 6 என்ற இடங்கள் கைக்குப் பழகுவதற்கு இது அருமையான வழி. இதையே வாசிப்புப் பயிற்சி என்று நினைத்து ஆண்டு முழுக்க ஓட்டினால், பிறகு தாளுக்கு வரும்போது குழந்தை ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வட்டமாகத் தேய்க்கும். அந்தப் பழக்கம் வாசிப்பு வேகத்தைக் கெடுக்கும், விடுவதும் கடினம். அதனால் கட்டையில் எந்த எழுத்து விளையாடுகிறோமோ அதே எழுத்தைத் தடித்த தாளில் ஒரு முழு வரி அடித்து, பக்கத்தில் எப்போதும் வைத்திருங்கள். அந்த வரியில் குழந்தை எழுத்தைச் சொல்லவேண்டும் என்பதில்லை. இரண்டு கைகளின் நுனிவிரல்களாலும் இடமிருந்து வலமாக, அழுத்தாமல், வரி முடியும்வரை போனால் போதும்.

இரண்டு கட்டைகளை ஒட்டி வைக்கக் கூடாது

பெட்டியின் படங்களைப் பார்த்துக் கட்டைகளை ஒட்டி ஒட்டிச் சொல் கட்டிவிடுவார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும். விரலுக்கு எழுத்து எங்கே முடிகிறது என்பதே தெரியாது. தாளில் ஒரு எழுத்தின் வலது வரிசைக்கும் அடுத்த எழுத்தின் இடது வரிசைக்கும் நடுவில் கூடுதல் இடைவெளி இருக்கும். ஒட்டி வைத்த லெகோவிலோ எல்லா வரிசைக்கும் ஒரே 8 மில்லிமீட்டர்தான். முதல் எழுத்தின் வலது வரிசையை அடுத்ததன் இடது வரிசையோடு சேர்த்துப் புது எழுத்தாகக் குழந்தை படிக்கும். தவறு குழந்தையுடையது இல்லை.

எனவே ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் ஒரு குமிழ் வரிசை காலியாக இருக்கட்டும். கட்டைகளைப் பொருத்தும் அடித்தட்டு 16 குமிழ் அகலமுள்ளதாக இருந்து, அதில் இப்படி வைத்தால் ஒரு வரிக்கு ஐந்து கட்டைகள் அடங்கும். ஆறாவதுக்கு ஒரே ஒரு குமிழ் இடம் குறையும். சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். 32 குமிழ் தட்டு தனியாக வாங்கினால் தொல்லை இல்லை. இடைவெளியால் இன்னொரு வசதியும் உண்டு: புதுக் கட்டைகள் இறுக்கமாகப் பிடிக்கும், பக்கத்தில் விரல் நுழைய இடம் இருந்தால்தான் சின்னக் கையால் பிடுங்க முடியும்.

ல எப்படி ள ஆகிறது

கட்டையின் தலை எது, கால் எது என்பதைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கவேண்டும். அடையாளம் அந்தக் குமிழில்லாத நான்காவது வரிசை. "வழவழன்னு இருக்கிற பக்கம் உன் வயித்துப் பக்கம்" என்று சொல்லிக் கொடுங்கள். எந்தக் கட்டையை எடுத்தாலும் கட்டைவிரலால் முதலில் அதைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வரட்டும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ல நல்ல உதாரணம். லகரத்துக்கு 1, 2, 3 புள்ளிகள், அதாவது இடதுபக்கம் நேர்கோடு. கட்டை தலைகீழானால் அதே கோடு வலதுபக்கம் வந்துவிடும். விரலுக்கு அது 4, 5, 6; தமிழ் பிரெய்லியில் ளகரம். டீச்சர் ல என்று கொடுப்பார், குழந்தை ள என்று சரியாகவே சொல்லும், "தப்பு" என்ற பதிலும் வாங்கும்.

இதேபோல ஏகாரமும் (1, 5) இகரமும் (2, 4) ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இவ்விரண்டையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். முதல் ஜோடி விரலுக்கு நன்றாக வித்தியாசம் தெரிவதாக இருக்கட்டும்: ஒரே ஒரு குமிழ் உள்ள அ, ஐந்து குமிழ் உள்ள ய. இந்த இரண்டும் தடுமாற்றமில்லாமல் பிரிபட்ட பிறகு ல, ச என்று போகலாம். குழந்தையின் பெயரில் முதலெழுத்து என்னவோ அதையும் சீக்கிரமே சேர்த்துவிடுங்கள். அதில் வரும் ஆர்வம் வேறு எதிலும் வராது.

தமிழுக்கு ஆங்கிலப் பெட்டி

தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பொது பிரெய்லி முறை பாரதி பிரெய்லி. அதில் பல எழுத்துகள் ஒலியை ஒட்டி ஆங்கில எழுத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஆங்கிலப் பெட்டியைத் திறந்ததும் தமிழுக்குக் கிடைக்கும் எழுத்துகள் இவை: உயிரில் அ, இ, உ, ஏ, ஒ, ஓ, மெய்வரிசையில் க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ. முப்பதில் பதினாறு. இதில் ஒகரத்துக்கு மட்டும் எக்ஸ் என்று அச்சிட்ட கட்டையைத் தேடவேண்டும், மற்றவை ஓசைப்படியே இருக்கும்.

உயிர்மெய்யில் மெய்க்குப் பிறகு உயிரின் கட்டையை வைத்தால் போதும். கி என்றால் க, இ. ஆகவே கைவேலை எதுவும் செய்யாமலே நரி (ந, ர, இ), புலி (ப, உ, ல, இ), பசு, ஏரி, கோலி, அரிசி என்று உருப்படியான சொற்கள் வந்துவிடும். குருவிக்கு ஆறு கட்டைகள்: க, உ, ர, உ, வ, இ. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வைப்பதுபோலவே வரும். மேலே சொன்ன 16 குமிழ் தட்டில் இடம் பற்றாத சொல்லும் இதுதான், பெரிய தட்டில் வையுங்கள்.

ஆனால் பிள்ளை முதலில் கேட்கப்போவது அம்மா, அப்பா. இரண்டுக்குமே மெய்யெழுத்தின் புள்ளிக்குறி வேண்டும், ஆகாரம் வேண்டும். பாரதி பிரெய்லியில் மெய்க்குறி நான்காம் புள்ளி மட்டும் உள்ள ஒரு தனி எழுத்து. மெய்க்கு முன்னால் வரும். அம்மா என்பது அ, மெய்க்குறி, ம, ம, ஆ என்று ஐந்து கட்டைகள். நான்காம் புள்ளி மட்டும் உள்ள எழுத்தோ, ஆகாரத்துக்குரிய 3, 4, 5 வடிவமோ ஆங்கில எழுத்துகளில் கிடையாது. ஈ, ஊ, எ, ஐ, ஔ, ங, ஞ, ட, ண, ழ, ள, ற, ன ஆகியவையும் அந்த 26இல் வராது. தமிழ்ப் பிள்ளைக்காக இந்தப் பெட்டியை வாங்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சாதாரணக் கட்டையில் வேண்டாத குமிழைக் கத்தியால் சீவி எடுக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். குமிழின் அடியில் உள்ளே குழிவு இருக்கிறது; சீவினால் ஓட்டை விழும், அதன் ஓரம் விரலைக் குழப்பும். வழவழப்பான சின்ன டைலைக் குமிழின் மேல் ஒட்டி மூடுவதும் தப்பு: டைல் 3.2 மில்லிமீட்டர் உயரம், குமிழ் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூடிய இடம்தான் புள்ளியாகத் தெரியும்.

சரியான வழி இது. பிளேட் என்பது குமிழுள்ள தட்டையான லெகோ துண்டு. 2×4 பிளேட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துங்கள். மேல்தளத்தில், புள்ளி வரவேண்டிய இடத்தில் குமிழுள்ள 1×1 பிளேட்டையும், புள்ளி இல்லாத இடத்தில் குமிழில்லாத டைலையும் வையுங்கள். நான்காவது வரிசைக்கு 1×2 டைல் ஒன்று. பிளேட்டும் டைலும் ஒரே 3.2 மில்லிமீட்டர் உயரம் என்பதால் தளம் சமமாக இருக்கும், குமிழ் மட்டும் துருத்தும். மொத்த உயரம் 9.6 மில்லிமீட்டர், அசல் கட்டையும் அதேதான். சின்னச் சின்ன டைல்களாக வைத்தால் நடுவில் வரும் கோடுகள் விரலில் படும், அதனால் முடிந்தவரை 1×3, 1×2 டைல்களைப் பயன்படுத்துங்கள். மெய்க்குறிக்கு இடது வரிசையில் 1×3 டைல், வலது வரிசையில் மேலே 1×1 பிளேட், அதன் கீழே 1×2 டைல் என்று வைத்தால் கோடு குறைவு. கடைசியாக, லெகோ துண்டுகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை ஒட்டும் பசையால் எல்லாத் துண்டுகளையும் நிரந்தரமாக ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே குழந்தையிடம் கொடுக்க வேண்டும். ஒட்டாத 1×1 துண்டு கழன்றால் நேராக வாய்க்குப் போகும். முதலில் மெய்க்குறி ஆறு, ஆகாரம் நாலு செய்துகொள்ளுங்கள். பால், மரம், முயல், மயில், கப்பல் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

அச்சில் ஆங்கில எழுத்து இருப்பது இன்னொரு தொல்லை. பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் டீச்சருக்கும் அது தமிழ் எழுத்தாகத் தெரியாது. கட்டையின் பக்கவாட்டில், 32 மில்லிமீட்டர் நீளமுள்ள சுவரில், தமிழ் எழுத்தைச் சின்ன ஸ்டிக்கரில் ஒட்டுங்கள். மேற்பரப்பில் ஒட்டவே கூடாது. ஸ்டிக்கரின் விளிம்பையும் பிள்ளை புள்ளியாக எடுத்துக்கொள்ளும்.

மேசையில் வைக்கும் முறை

விழுந்த கட்டை பார்வையில்லாத குழந்தைக்குக் காணாமற்போன கட்டை. விளிம்பு இரண்டு விரல் உயரமுள்ள தட்டத்துக்குள் வைத்து விளையாடவிடுங்கள். அடித்தட்டு வழுக்காமல் இருக்க, அலமாரியில் விரிக்கும் ரப்பர் வலையில் ஒரு துண்டு வெட்டி அடியில் போடுங்கள். தட்டின் இடது மேல்மூலையில் ஒரு பொத்தானை ஒட்டினால் எங்கிருந்து தொடங்குவது என்பது கைக்குத் தெரியும். எடுக்கவேண்டிய கட்டைகள் இடதுபக்கக் கிண்ணத்தில், முடித்தவை வலதுபக்கக் கிண்ணத்தில். இடம் மாறவே கூடாது. ஒரு நேரத்தில் கிண்ணத்தில் ஆறு கட்டைகளுக்கு மேல் வேண்டாம். 287ஐயும் கொட்டிவிட்டால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளும்.

கையைப் பிடித்து வைத்துக் காட்டாதீர்கள். பார்வையில்லாத குழந்தைக்குக் கைதான் கண்; மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் பார்வையைத் திருப்பிவிட்டதற்குச் சமம். உங்கள் கையைக் கட்டையின் மேல் வைத்து, அதன் மேல் குழந்தையின் கை தொற்றிக்கொண்டு வரட்டும். குழந்தையின் விரல் தானாக முன்னே நகர்ந்ததும் உங்கள் கையை மெல்ல உருவிக்கொள்ளலாம். தொடுவதற்கு முன் வாயால் சொல்லிவிட வேண்டும்: "இப்ப உன் வலதுகைப் பக்கம் மஞ்சள் கட்டை வைக்கிறேன்." பத்து நிமிடம் போதும்.

துணிப்பை விளையாட்டு இந்தப் பெட்டிக்கு மிகப் பொருத்தம். பைக்குள் நாலு கட்டைகள், இரண்டு ஜோடி. வெளியே ஒன்றைக் கொடுத்து, பைக்குள் கைவிட்டு அதே மாதிரி இன்னொன்றை எடுக்கச் சொல்லுங்கள். கண் தெரிகிற குழந்தையும் கையால்தான் தேடியாக வேண்டும், பெரும்பாலும் தோற்கும். வகுப்பில் பார்வையில்லாத பிள்ளையே மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலை இதில் இயல்பாக அமைகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளிக்கு ஒரு பெட்டி இருக்கலாம்.

கொஞ்சம் பார்வை உள்ள குழந்தைகளுக்கு

குமிழும் கட்டையும் ஒரே நிறம் என்பதால் குறைபார்வைக் குழந்தைக்குக் கண்ணால் புள்ளியைப் பிரிக்க முடியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் குமிழுக்கு நிழல் விழுந்து ஓரளவு தெரியும். எதிரே வைத்தால் பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும். தட்டின் நிறமும் முக்கியம்: மஞ்சள் கட்டைக்குக் கறுப்புத் தட்டு நன்றாக எடுப்பாக இருக்கும், சாம்பல் தட்டில் நீலமும் பச்சையும் மங்கிப்போகும். மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு, சிவிஐ என்று மருத்துவர்கள் எழுதுவது, இருந்தால் ஐந்து நிறமும் கலந்த குவியல் அந்தக் குழந்தைக்கு வெறும் இரைச்சல். சிவப்போ மஞ்சளோ, எதைக் கண் தேடிப் போகிறதோ அந்த ஒரு நிறத்தை மட்டும், ஒரு கட்டையாக, கறுப்புத் துணியின் மேல் வையுங்கள்.

வயதும் மாற்றுவழியும்

கடைப்பெட்டி 6 வயதுக்கு மேல் என்கிறது. பெரியவர் பக்கத்தில் இருந்தால் நாலரை, ஐந்து வயதில் தொடங்கலாம். மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பார்வையில்லாத குழந்தைகள் பொருளை வாயால் ஆராய்வது மற்றவர்களைவிட அதிக காலம் நீடிக்கும் என்பதால், வயது எதுவானாலும் இன்னும் வாயில் வைக்கிற பிள்ளைக்கு இது இப்போதைக்கு ஆகாது. கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரிக்கு மிகாமல், கொஞ்சம் சோப்பு. கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும்.

பெட்டிக்குப் பணம் போடும் முன் ஆறு முட்டை அடங்கும் அட்டைத் தட்டு ஒன்றையும் ஆறு பிளாஸ்டிக் பந்துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குழி இடதுபக்கம், மூன்று வலதுபக்கம். பந்தைக் குழியில் போட்டுப் புள்ளிகளின் இடத்தைச் சொல்லும் விளையாட்டு மூன்றரை வயதிலேயே நடக்கும். குழந்தை இதில் ஆறு இடங்களையும் தயங்காமல் காட்டினால் லெகோவுக்குத் தயார். இல்லையென்றால் லெகோ வந்தும் பயனில்லை. இதே அட்டையை நடுவில் நீளவாக்கில் வெட்டி, மேல்முனையில் மட்டும் டேப் ஒட்டி விரித்தால், குழிகள் 3, 2, 1, 4, 5, 6 என்று ஒரே வரிசையாக நிற்கும். பிரெய்லி தட்டச்சு செய்யும் பெர்கின்ஸ் பிரெய்லர் மெஷினில் விசைகள் இருக்கும் வரிசை அதுதான், நடுவில் இடைவெளி விசை. நிமிர்ந்து நிற்கும் எழுத்து எப்படிப் படுத்த விசைகளாகிறது என்பதை லெகோ கட்டையால் காட்ட முடியாது. அந்த அட்டை காட்டிவிடும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக மட்டும் வாங்குவதானால் அந்தப் பணத்தில் தடித்த தாள், சிறப்பாசிரியரோடு கூடுதல் நேரம், கையால் தொட்டுப் பார்க்க நிஜச் சாமான்கள் இவற்றை முதலில் முடித்துக்கொள்ளலாம். பள்ளி, அங்கன்வாடி, ஆரம்பநிலைப் பயிற்சி மையம் என்றால் ஒரு பெட்டியும் 32 குமிழ் தட்டு ஒன்றும், தமிழ் எழுத்துக்காகப் பிளேட், டைல் துண்டுகளும் சேர்த்தே வாங்குங்கள். செய்துவைத்த தமிழ்க் கட்டைகளைத் தனி டப்பாவில் வைத்து, டப்பாவின் மூடியில் பிரெய்லியிலும் அச்சிலும் பெயர் ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டு வரும் டீச்சர் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்காது.